பெனால்டிக் கயிறு

எங்கள் அலுவலகத்துக்கு இந்தக் கிழமை வெள்ளையடிக்கிறார்கள். மேசைகளை நடுவில் இழுத்துப் போட்டு, கோப்புகளைச் சாக்கால் மூடிவிட்டு, நாங்கள் விறாந்தையில் கதிரை போட்டு இருக்கிறோம். நீற்றிய சுண்ணாம்பின் மணம் எல்லோருக்கும் தலையிடியைக் கொடுக்கிறதாம். நான் மட்டும் வாளிக்குக் கிட்டப் போய் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பதைப் பெரிய கிளாக்கர் ஐயா கண்டுவிட்டார்.

“என்ன பிள்ளை, சுண்ணாம்பிலையும் உமக்குச் சந்தேகமோ?”

“தண்ணி கூடிப்போச்சு ஐயா. மாரிக்கு நிக்காது.”

வெள்ளையடிக்க வந்தவர் என்னை முறைத்தார். அவரில் பிழையில்லை. சந்தேகம் எனக்குப் பிறவி வருத்தம். மீன்காரர் ஒரு பக்கச் செவுளைத் திறந்து காட்டினால் மற்றப் பக்கத்தையும் காட்டச் சொல்லுவேன். பஸ்ஸில் “இடமிருக்கு, ஏறுங்கோ” என்றால் முதலில் குனிந்து உள்ளே பார்ப்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கடிதம், அரிசிக் கூப்பன் புத்தகம், நகரசபை அறிவித்தல் எல்லாம் என் கைக்குத்தான் வரும். இதில் யார் எங்களை ஏமாற்றப் பார்க்கிறான் என்ற நினைப்போடுதான் ஒவ்வொன்றையும் வாசிப்பேன். பாதி நேரம் நினைத்தது சரியாகவும் இருந்துவிடும். அதனால் இந்த நோய் மாறவேயில்லை.

சுண்ணாம்பு மணம் வந்தால் அதற்குப் பின்னாலேயே எனக்குப் புல்லின் மணமும் வரும். திருகோணமலைப் பட்டணத்தின் நடுவில், கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்த மைதானத்துப் புல். பேர்தான் ஸ்டேடியம். சுற்றிவரத் தகர வேலி, ஒரு பக்கத்தில் மட்டும் பலகைப் படிகள். மேல் படியில் ஏறி நின்றால் துறைமுகத்துக் கப்பல்களின் பாய்மரக் கம்பங்கள் தெரியும். விடிய வேளையில் கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து கோல் கம்பத்தடியில் படுத்திருக்கும். அவற்றை எழுப்பித் துரத்துவதுதான் எங்கள் அப்பாவின் நாளின் முதல் வேலை.

அப்பா நகரசபைத் தொழிலாளி. தெருவோரக் கழிவுநீர்க் கான் துப்புரவாக்குவது, மரக்கொப்பு வெட்டுவது என்று எல்லா வேலையும் செய்தார். ஆனாலும் ஊருக்கு அவர் ‘கோடு போடுறவர்’. உதைபந்தாட்டம் நடக்கிற நாளில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது அவர்தான். அடியில் ஆணியால் துளைத்த பால்மாத் தகரப் பேணி ஒன்றைத் தடியில் கட்டியிருப்பார். அதற்குள் சுண்ணாம்புத் தூள். தட்டித் தட்டி நடந்துபோனால் பின்னால் ஒரு வெள்ளைக்கோடு நீளும்.

நேராகப் போவதற்கும் தூரம் அளப்பதற்கும் அவரிடம் இருந்தது ஒரு கயிறு. வெள்ளைக்காரக் கடற்படை போனபோது தளத்தில் விட்டுப்போன மணிலாக் கயிறு அது. அப்பாவுக்கு எழுத்தும் தெரியாது, இலக்கமும் தெரியாது. யாரோ ஒரு துரை எப்போதோ அளந்து கொடுத்த இடங்களில் துணித் துண்டுகளை இறுக்கி முடிந்து வைத்திருந்தார். நீலத் துணி வந்தால் கோல் கம்பத்துக்கு முன்னாலுள்ள பெட்டியின் ஓரம். சிவப்புத் துணி வந்தால் பெனால்டிப் புள்ளி. விளையாட்டுத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் புள்ளியில் பந்தை வைத்து, கோல் காக்கிற கோலியைத் தவிர வேறு யாரும் மறிக்காமல், ஓராள் அடிப்பார். கோல் கோட்டிலிருந்து பன்னிரண்டு யார், அதாவது முப்பத்தாறு அடி. அந்தச் சிவப்புத் துணி என்னுடைய பழைய சட்டையில் கிழித்தது. ஆகவே பட்டணத்தின் எல்லாப் பெனால்டிகளிலும் எனக்கு ஒரு பங்கு உண்டென்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

கயிற்றை அப்பா குசினியில் அடுப்புக்கு மேலே கூரை வளையில் சுருட்டி வைப்பார். புகை பட்டால் ஈரம் அண்டாது. ஈரம் பட்டால் மணிலாக் கயிறு சுருங்கிவிடும். அதனால் கயிற்றை இரவல் கொடுப்பது என்பது எங்கள் வீட்டில் கிடையாது. அடுத்த வீட்டு பெனடிக் அண்ணன் ஒருமுறை மாதா கோயில் திருநாளுக்குத் தோரணம் கட்டக் கேட்டு வந்தார்.

“ஒரு ராவுக்குத்தானே அண்ணை. மாதாவுக்குக் கூடக் குடுக்க மாட்டியளோ?”

“மாதா கேட்டாலும் ஏலாது, பெனடிக். மாதா பந்தடிக்கிறவவோ?”

பெனடிக் அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். எங்கள் பகுதிக் கழகத்தின் கோலியும் அவர்தான். துறைமுகத்தார் என்றால் நாங்கள். எங்களுக்கு எதிரி கடைத்தெருக் கழகம். அதன் தலைவர் புடவைக்கடை முதலாளி. அவர் கடையில் அந்த நாட்களில் புடவைதான் இல்லை. நாடு முழுக்கத் துணித் தட்டுப்பாடு. கூட்டுறவுக் கடையில் துணி வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடுவா. போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும்.

அந்த வருஷம்தான் நான் சோதனை பாஸ் பண்ணியிருந்தேன். பெரிய வகுப்புக்குப் போகவேண்டும். அதற்கு வெள்ளைச் சட்டை வேண்டும். பழைய சட்டை அம்மாவின் மொழியில் “அரிதட்டு மாதிரி” ஓட்டை ஓட்டையாக ஆகிவிட்டது. சட்டையில்லாமல் என்னை அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. பழையதைப் போட்டுக்கொண்டு போக எனக்கு மனமில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமை கூட. இப்போதும் குறைவில்லை.

அந்த ஆவணியில் இரண்டு கழகங்களும் இறுதிப் போட்டிக்கு வந்தன. போட்டி ஞாயிறு பின்னேரம். முதல் நாள் சனிக்கிழமை பொழுதுபட அதே மைதானத்தில் இசை நிகழ்ச்சி வைத்தார்கள். நடத்தியவர் புடவைக்கடை முதலாளி. கொழும்பிலிருந்து கோஷ்டி வந்திருந்தது. மினுங்குகிற கோட்டுப் போட்ட பாடகர் ஒருவர், பின்னால் மேளமும் கிற்றாரும். பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கி, குறுக்கே கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். நானும் அம்மாவும் கயிற்றுக்குப் பக்கத்தில் பாய் போட்டு இருந்தோம்.

அந்தப் பாடகர் பாடுகிறார் என்று நான் நம்பவில்லை. மேடைக்குப் பின்னால் இசைத்தட்டு ஓடுகிறது, இவர் வாயை மட்டும் அசைக்கிறார் என்று அம்மாவின் காதுக்குள் சொன்னேன்.

“வாயைப் பொத்திக்கொண்டு கேளடி. வந்த இடத்திலையும் புலன் விசாரணை.”

நாலாவது பாட்டில் மழை வந்தது. ஆவணியில் யாரும் எதிர்பார்க்காத மழை. மின்சாரம் நின்றது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. மெலிந்துபோய், தூரத்து வீட்டில் யாரோ முணுமுணுப்பது போல அது வந்துகொண்டேயிருந்தது. மனிதர் உண்மையாகத்தான் பாடியிருக்கிறார். நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு நேரமிருக்கவில்லை. எல்லோரும் எழும்பி ஓட, நானும் எழும்பக் கயிற்றைப் பிடித்தேன். கைக்குள் ஒரு துணி முடிச்சு அகப்பட்டது. மின்னல் வெளிச்சத்தில் அதன் சிவப்புத் தெரிந்தது. மூக்கில் குசினிப் புகை மணத்தது.

மேடைக் கம்பு பிடுங்கிக்கொண்டு நின்ற அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, எங்கட கயித்தை ஆரோ களவெடுத்துப்போட்டாங்கள்!”

“பேசாம வீட்ட போ பிள்ளை.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் போட்டிக்குச் சனம் தகர வேலிக்கு வெளியே மரங்களிலும் இருந்தது. கோடு போடுகிறவரின் மகள் என்ற உரிமையில் நான் வழமைபோலச் சுண்ணாம்புச் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்றேன். காலையில் வெயில் வரவேயில்லை, வானம் மூடிக் கிடந்தது. மழையில் கரைந்த பழைய கோடுகளின் மேல் அப்பா விடியவே புதுக்கோடு போட்டிருந்தார். கடைசி ஐந்து நிமிஷம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது பெட்டிக்குள் எங்கள் ஆள் ஒருவர் எதிராளியின் காலைத் தட்டிவிட, நடுவர் ஊதினார். கடைத்தெருவுக்குப் பெனால்டி.

பெனடிக் அண்ணன் சரியான பக்கம்தான் பாய்ந்தார். பந்து அவர் விரல் நுனியில் பட்டது, பட்டபடியே உள்ளே போனது. அவ்வளவுதான். கிண்ணம் கடைத்தெருவுக்குப் போனது.

எல்லோரும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பெனடிக் அண்ணன் கோல் கோட்டில் குதியை வைத்து, ஒரு யாருக்கு ஒரு நீண்ட காலடியாகப் புள்ளியை நோக்கி நடந்தார். உரக்க எண்ணிக்கொண்டு நடந்தார். பதினொன்றைச் சொல்லிவிட்டு நின்றார். அடுத்த காலடிக்குப் பாதி இடம்கூட இருக்கவில்லை.

“பதினொண்டும் கொஞ்சமும்! பன்ரெண்டு வரவேணும். ஒரு கை தூரம் எனக்கு இருந்திருந்தா அந்தப் பந்தை நான் பிடிச்சிருப்பன்.” சுற்றிவரப் பார்த்தார். “கோடு போட்டவர் எங்க?”

அப்பா வாளியோடு நின்றார். வாய் திறக்கவில்லை. “அளவு பிழைச்சுப்போச்சு” என்றுகூடச் சொல்லவில்லை. எங்கள் தெரு முழுவதும் அவரைப் பார்த்தது. அதோடு நானும்.

அடுத்த நாள் விடிய எங்கள் வாசல் படலைக்கு முன்னால் யாரோ சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். அம்மா குடிதண்ணி அள்ளப் போகையில் ஒரு பெண்குரல் கேட்டது. “பாத்துக் கால் வை மோளே, இதாவது சரியா அளந்ததோ தெரியாது.” சிரிப்பு. அம்மா தலையைக் குனிந்துகொண்டு வந்தா. அன்று பின்னேரம் றங்குப்பெட்டியைத் திறந்து, கடதாசியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தா. வெள்ளைப் பொப்ளின். மடிப்புக் கலையாத புதுத்துணி. கடதாசியில் புடவைக்கடையின் பெயர்.

“ஆர் தந்தது?”

“கொப்பா கொண்டந்தவர். சனிக்கிழமை.”

முகத்தைப் பார்க்காத அப்பா, வாய் திறக்காத அப்பா, கடைத்தெருக் கழகத் தலைவரின் கடைத் துணி. யாருக்கும் கிடைக்காத துணி. எல்லாம் என் மனதில் ஒன்றையொன்று தேடிவந்து பக்கத்தில் குந்திக்கொண்டன. மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் சாப்பிட இருந்தால் எழும்பிப் போனேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. அதையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அவர் வேலைக்குப் போனதும் கயிற்றை இறக்கினேன். சிவப்புத் துணியை அவர் அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார் என்பது என் முடிவு. பிடித்துவிட்டால் நேரே கேட்பது என்றிருந்தேன். முற்றத்தில் இரண்டு தென்னைகளுக்கு இடையே கயிற்றைக் கட்டி, என்னுடைய பள்ளிக்கூட அளவுகோலான ஒரு அடி மட்டத்தை வைத்து வைத்து, பென்சிலால் புள்ளி போட்டு அளந்தேன். முப்பத்தாறு அடி. திரும்பவும் அளந்தேன். முப்பத்தாறு. பன்னிரண்டு யார், மயிரிழை பிசகில்லை. முடிச்சும் இளகியதல்ல. வருஷக்கணக்கான புகை ஏறிக் கல்லாகியிருந்தது.

அளந்த பிறகுதான் சனிக்கிழமை மழை ஞாபகம் வந்தது. கயிற்றை அவிழ்த்துக் கிணற்றடித் தொட்டியில் அமுக்கினேன். ஊறியதும் எடுத்துத் திரும்பக் கட்டினேன். முப்பத்துநாலு அடி.

“எவ்வளவு?”

அப்பா படலையடியில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. நான் மட்டத்தோடு எழும்பினேன்.

“ரெண்டு அடி குறையுது.”

“ஓம். குறையும்.” வந்து கயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார். “வெயிலுக்கு விட நேரம் இருக்கேல்ல. நல்லா இழுத்துப் பிடிச்சா வரும் எண்டு நினைச்சனான்.”

“ஏன் குடுத்தனீங்கள்? மாதாவுக்கும் குடுக்காத கயிறு!”

“பொம்பிளையளுக்கு மறிச்சுக் கட்டக் கயிறு இல்லையெண்டு முதலாளி கேட்டவர். கடையில ஒளிச்சு வச்ச துணி ஒண்டு இருக்கு, மகளுக்குத் தாறன் எண்டார்.” கயிற்றில் சொட்டிய தண்ணீரை வழித்துவிட்டார். “மழை வருமெண்டு ஆர் கண்டது?”

“அப்ப அதைச் சொல்லுங்கோவன்! ஏன் வாயை மூடிக்கொண்டு நிண்டனீங்கள்?”

“கயிறு ஏன் நனைஞ்சது எண்டு கேப்பாங்கள். நான் துணியைச் சொல்லவேணும். பிறகு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ ரோட்டால போவியோ?”

அவர் தென்னையில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். ஈரத்தில் இறுகிப்போயிருந்தது.

“என்னட்டக் கேட்டிருக்கலாம் பிள்ளை. கயித்திட்டக் கேட்டுப்போட்டாய்.”

குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் நான் இவ்வளவு காலம் நினைத்திருக்க மாட்டேன்.

“நான் போய்ச் சொல்லுறன்,” என்றேன். “எனக்கென்ன பயம்? அளவை எழுத்தில காட்டுறன். பெனடிக் அண்ணனுக்கு நான் விளங்கப்படுத்துறன்.”

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “உன்ர விருப்பம்,” என்றார்.

கொப்பியில் சிவப்புப் பேனாவால் அழகாக எழுதினேன். உலர்ந்த கயிறு, நனைந்த கயிறு, வித்தியாசம். கீழே இரண்டு கோடு. அடுத்த திங்கட்கிழமை பெரிய வகுப்பின் முதல் நாள். அம்மா இரவல் மெசினில் தைத்த புதுச்சட்டை. போகிற வழியில் சந்தித் தேத்தண்ணிக் கடையில் பெனடிக் அண்ணனும் கழகத்தாரும் இருந்தார்கள். நேரே போனேன்.

“அண்ணை, மற்றப் பக்கக் கோலடியும் அளந்து பாத்தனீங்களோ?”

“அங்க ஏன் அளக்கவேணும்? எங்களுக்குப் பெனால்டி கிடைச்சதோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கொப்பியை விரித்தேன். ஈரக்கயிறு சுருங்கும், இரண்டு பக்கமும் ஒரே கயிறுதான், இரண்டு பக்கமும் ஒரேயளவு குறைந்திருக்கும், அப்பா ஒருவருக்கும் சாயவில்லை. வகுப்பில் ரீச்சர் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னேன். பெனடிக் அண்ணன் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கயிறு சுருங்குவது துறைமுகத்தில் வேலை செய்கிறவருக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? அவர் முகம் இளகுவதைக் கண்டேன். நம்பத் தயாராக இருந்தார். நம்ப ஆசைப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். பக்கத்து வீட்டு மனிதர்தானே.

“எல்லாம் சரி தங்கச்சி. கொப்பற்ற கயிறு அடுப்புக்கு மேலயெல்லோ கிடக்கும். அதெப்பிடி நனைஞ்சது?”

கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் சட்டையைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. பட்டணத்தில் அந்த மாதம் அப்படியொரு வெள்ளைச் சட்டை வேறு யாரிடமும் இருக்கவில்லை. பள்ளிக்கூட மணி கேட்டது.

“தெரியாது,” என்றேன்.

பெனடிக் அண்ணன் கொப்பியை மூடி, தேத்தண்ணி படாமல் துடைத்து, என் கையில் தந்தார். “எழுத்து நல்ல வடிவாயிருக்கு,” என்றார். மற்றவர்கள் மறுபடியும் சிரிக்க, நான் பள்ளிக்கூடம் போனேன்.

அன்று பொழுதுபட அப்பா கேட்டார். “என்னவாம் பெனடிக்?”

“நம்பேல்ல.”

“அவன் என்ன செய்வான், பாவம்.”

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் என்ன சொன்னேன், எதைச் சொல்லவில்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம். என் வாழ்நாளில் நான் விசாரித்துப் பார்க்காத சந்தேகம் இது ஒன்றுதான்.

அடுத்த பருவத்தில் இரும்பு அளவு நாடாவோடு வேறொருவர் கோடு போட வந்தார். அப்பா கான் வேலையோடு நின்றார். கயிற்றை வளையிலிருந்து இறக்கி, அந்த இரண்டு தென்னைகளுக்கும் இடையே அம்மாவுக்குக் கொடியாகக் கட்டிக் கொடுத்தார். பெரிய வகுப்பு முடியும்வரை அந்த வெள்ளைச் சட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதில்தான் காய்ந்தது. வெயிலில் கொடி தொய்யும், மழை வந்தால் வீணைத் தந்திபோல இறுகும். இறுகுவதைக் கண்டால் அப்பா “மழை கிடக்கு, சட்டையை எடு பிள்ளை” என்று கூப்பிடுவார். எனக்கு முகம் சுடும். அவர் சும்மாதான் சொல்லியிருப்பார்.

இப்போது மைதானத்துக்குச் சீமெந்துப் படி போட்டு மதிலும் கட்டிவிட்டார்கள். உள்ளே நின்றால் துறைமுகம் தெரியாது. மான்கள் வாசலைத் தேடி மதிலோடு நடந்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. பெனடிக் அண்ணன் அரபு நாட்டுக்குப் போய்விட்டார். எனக்கு இந்த வேலை கிடைத்த வருஷம் அப்பா கண்ணை மூடினார். கயிறும் நைந்து அறுந்தது. அம்மா அதைத் துண்டு துண்டாக அடுப்பில் வைத்து எரித்தா. சிவப்பு முடிச்சை எடுத்து வைத்தாவா என்று கேட்டேன். “எந்தச் சிவப்பு?” என்று கேட்டா.

என் சம்பளத்தில் நைலோன் கயிறு வாங்கிக் கட்டியிருக்கிறேன். நல்ல கயிறு, நனைந்தாலும் சுருங்காதாம். வெள்ளையடித்து முடியும்வரை அரை நாளோடு எங்களை விட்டுவிடுகிறார்கள். இன்று நான் வீட்டுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. துணிகளை எடுத்துவிட்டு, நனைந்துகொண்டு நின்று, கொடியை விரலால் தட்டிப் பார்த்தேன். வெயிலில் இருந்தது போலவே தொய்ந்து கிடந்தது.